திண்ணையே கலைக்கூடம்

ஒடிசா மாநிலத்தில், புரி நகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், பார்கவி நதிக்கரையில் ரகுராஜ்பூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வீடுகள் இரு வரிசைகளாக எதிரெதிரே நிற்கின்றன. நடுவே சிறு கோயில்கள். சுவர்களிலெல்லாம் சித்திரங்கள். சித்திரகாரர் தம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து வரைகிறார். வருவோர் அங்கேயே கண்டு, அங்கேயே வாங்குகின்றனர். நகரத்துக் கண்காட்சியில் நாம் காண்பது முடிந்த பொருளை. இங்கே காண்பது தொழிலை.

அத்தொழில் எளிதன்று. பழைய பருத்தித் துணி இரண்டைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மீது சுண்ணத்தூள் கலந்த பசையைப் பூசுவர். உலர்ந்தபின் கல்லினால் தேய்த்து மெருகேற்றுவர். வெண்மைக்குச் சங்குத்தூள், செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருமைக்கு விளக்குக்கரி. இவற்றைப் பிணைப்பது விளாம்பிசின். துணியைப் பதப்படுத்துவதும் நிறம் குழைப்பதும் நெடுங்காலம் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரின் பணியாகவே இருந்து வந்தன. வாங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பது அரிது. இன்று பெண்கள் பலர் தாமே தூரிகை ஏந்துகின்றனர்.

பனையோலையில் எழுத்தாணியால் உருவங்களைக் கீறி, மை தடவித் துடைக்கும் கலையும் இவ்வூரில் உண்டு. சுவடிகளைக் கண்டு பழகிய தமிழருக்கு அது புதுமையாகத் தோன்றாது.

இக்கலையின் வேர் புரி ஜகந்நாதர் ஆலயத்தில் உள்ளது. நீராட்டு விழாவுக்குப் பின் 15 நாட்கள் இறைவன் நோயுற்றிருப்பதாக ஐதீகம். அந்நாட்களில் மூலவரின் தரிசனம் இல்லை. துணியில் தீட்டிய படங்களே வழிபாடு பெறுகின்றன. யாத்திரிகர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்ற சிறு படங்களே சித்திரகாரர்களுக்குப் பிழைப்பாயின. பின்னர் அச்சுப் படங்கள் மலிந்தன. பலர் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடினர். 1950களில் ஹெலினா ஜீலி என்னும் அயல்நாட்டுப் பெண்மணி அவர்களை ஊக்குவித்து மீண்டும் வரையச் செய்தார். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். 2000ஆம் ஆண்டையொட்டி ரகுராஜ்பூர் பாரம்பரியக் கைவினைக் கிராமமாக வளர்க்கப்பட்டது.

திண்ணையில் வாங்குவதில் தரகருக்குப் பங்கில்லை. செய்தவரிடமே விலை கேட்கலாம். பெரிய படம் ஒன்றுக்கு ஏன் பல வாரங்கள் பிடிக்கின்றன என்பதையும் அவர் வாயாலேயே அறியலாம். இது இம்முறையின் சிறப்பு. ஆனால் இதே முறையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் புரிக் கரையைத் தாக்கியபோது, ரகுராஜ்பூரில் கூரைகள் பறந்தன. துணிப் படங்களும் ஓலைச் சித்திரங்களும் நனைந்து பாழாயின. வீடும் பட்டறையும் விற்பனைச் சரக்கும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் இழப்பும் ஒன்றாகவே வந்தது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் பரவி ஊரடங்கு வந்தபோது, சரக்கு இருந்தும் வாங்குவாரைக் காணோம்.

திண்ணை நல்ல காட்சிச்சாலை; நல்ல களஞ்சியமன்று. அயல்நாட்டாரும் தேடி வரும் கலை என்று பெருமை பேசும் நாம், ஈரமும் காற்றும் புகாத உறுதியான பொதுக் கட்டடம் ஒன்றில் அவர்களுடைய சிறந்த படைப்புகளையேனும் வைத்துக் காக்க வழிசெய்தல் வேண்டும். கடற்கரை மாவட்டத்தில் அடுத்த புயலுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை.