சுவரில் மாட்டின மேப்புக்குள்ள ஒரு ஏரி

கஃபே சுவர்ல பழைய மெட்ராஸ் மேப்போட ரீப்ரிண்ட் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை அது எந்த வருஷத்து மேப்னு பாருங்க. 1923-க்கு முந்தினதா இருந்தா, இன்னைக்கு தி. நகர் இருக்கிற பக்கம் நீளமா ஒரு ஏரி தெரியும். பேரு 'லாங் டேங்க்'. 1920-களில் அதை வத்த வச்சுத்தான் தி. நகரை உருவாக்கினாங்க. மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கு. லேக்தான் இல்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்கேன் பண்ணின மேப்பை கியூஜிஐஎஸ் என்ற இலவச சாஃப்ட்வேர்ல ஏத்துங்க. ஜார்ஜ் கோட்டை, பார்த்தசாரதி கோயில் மாதிரி இடம் மாறாத சில புள்ளிகளை இன்றைய மேப்போட பொருத்துங்க. இதுதான் ஜியோரெஃபரன்சிங். புள்ளிகள் ஒரே மூலையில குவிஞ்சா மீதி மேப் கோணிக்கும். நாலு பக்கமும் பரவலா வைங்க. அப்புறம் பழைய மேப்பை பாதி ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கினா, தெருக்களுக்கு அடியில ஏரிக்கரை தெரியும்.

நான் பேசுறது வேங்கிக்கால்ல இருந்து. இங்க ஏரி இன்னும் இருக்கு, மனைகளும் பெருகுது. மனை வாங்குறவங்க பத்திரத்தோட பழைய மேப்பையும் ஒருதடவை பார்த்துடுங்க. மேலே கட்டடம் வந்தாலும் மழைத்தண்ணி பள்ளத்தைத் தேடித்தான் வரும்.