4 கோடி இலக்கங்களில் ஒரே எண்!

1 என்ற எண்ணாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், பகா எண் எனப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 2, 3, 5, 7, 11 எனத் தொடரும் இந்த வரிசையில், 2024 அக்டோபர் 12 அன்று ஒரு பூதம் உறுதி செய்யப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண் அது. இதில் உள்ள இலக்கங்கள் 4,10,24,320. நோட்பேடில் சேவ் செய்தால் பைல் ஏறத்தாழ 39 எம்.பி. இருக்கும். பைனரியில் எழுதினால் ஒரு பூஜ்யம்கூட இராது. எல்லாமே 1 தான்.

இத்தகைய பகா எண்களுக்கு, 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இது நாம் அறிந்த 52ஆவது மெர்சென் பகா எண். கண்டறிந்தவர் அமெரிக்காவின் லூக் டுரான்ட். கிராபிக்ஸ் சிப்களை இதற்குப் பயன்படுத்தினார்.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதிப்பது? வகுத்துப் பார்த்து முடியாது. லூகாஸ்-லெமர் என்ற எளிய சோதனை உண்டு. 31ஐ எடுத்துக் கொள்வோம். இது ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் 1 குறைவு. 4இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2ஐக் கழித்து, 31ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 14. மீண்டும் செய்தால் 8. மூன்றாம் முறை 0. பூஜ்யம் வந்ததால் 31 பகா எண். ஐந்துக்கு மூன்று படிகள். நம் பூதத்திற்கு 13,62,79,839 படிகள். நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை பாழ்.

இங்குதான் நமக்கு லாபம். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்தின் இலவச புரோகிராம் பிரைம்95. சரியான விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, நம் கம்ப்யூட்டர் தவறு செய்கிறதா என இது காட்டிவிடும். இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் பிராசசரில் இருந்த ஒரு குறை, இந்த புரோகிராமை இயக்கியபோதுதான் தெரிந்தது. 2016இல் இன்டெல் அதனை ஒப்புக் கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் சரி செய்தது.

என்னிடம் வந்த ஒரு டெஸ்க்டாப் அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸை மீண்டும் பதிந்தும் பயனில்லை. பிரைம்95 இயக்கிய சில நிமிடங்களில் பிழைச் செய்தி வந்தது. இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு இயக்கினேன். இரவு முழுவதும் பிழை இல்லை. குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. கெட்டுப்போன ராம், காப்பி செய்யும் பைல்களையும் சத்தமின்றிக் கெடுத்துவிடும்.

நீங்களும் சோதிக்கலாம். முதலில் முக்கிய பைல்களுக்கு பேக்அப் எடுங்கள். புரோகிராமைத் திறந்து 'ஜஸ்ட் ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்' என்பதில் கிளிக் செய்திடவும். பிராசசர் முழு வேகத்தில் ஓடிச் சூடாகும் என்பதால், மின்விசிறியில் தூசி இருந்தால் முன்பே நீக்கிவிடுங்கள். லேப்டாப்பை மெத்தையின் மீது வைத்து இதனை இயக்க வேண்டாம்.