மேசை ஒன்று, ஆட்டம் பல

பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றிக் கோலூன்றி நிற்போரைக் கண்டால் நம்மவரில் பெரியோர் பலர் இன்றும் முகம் சுளிக்கின்றனர். சூதாடுமிடம் என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 'பூல்' என்ற பெயரே பந்தயப் பணத்திலிருந்து பிறந்ததாகும். ஆடுவோர் ஒவ்வொருவரும் இட்ட தொகையை ஒன்றாகத் திரட்டி, வென்றவர் எடுத்துக்கொள்ளும் பொதுப் பணத்திற்கு அப்பெயர் வழங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்டும் கூடங்களில், பந்தயத்திற்கும் பந்தயத்திற்கும் இடையே பொழுது போக்குவதற்கென்று இம்மேசைகளை இட்டு வைத்தனர். கூடத்தின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. கெட்ட பெயரும் உடன் ஒட்டிக்கொண்டது.

நிற்க. நாம் குடியேறி வாழும் நகரங்களில் இன்று நிலைமை வேறு. மணிக்கணக்கில் கட்டணம் பெற்று மேசையை வாடகைக்கு விடும் கூடங்கள் கடைத்தெருக்கள்தோறும் உள்ளன. கல்லூரி மாணவர், புதிதாக வேலையிலமர்ந்த இளைஞர், மகளிருங்கூட அங்கே ஆடுகின்றனர். பழைய ரயில்வே காலனிகளில் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தினுள் பில்லியர்ட்ஸ் அறை ஒன்று இருப்பதை நம் துறை சார்ந்த குடும்பங்கள் அறியும். ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் இம்மேசையை அணுகாமலிருப்பர் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. அணுகுகிறவர்கள் விதியறிந்து அணுகட்டும் என்பதே நம் கருத்து.

விதியறியாமையால் வரும் கேடு யாது என்று கேட்கலாம். கூடங்களில் பரவலாக உள்ள வழக்கம், தோற்றவர் மேசைக் கட்டணத்தைச் செலுத்துவது. ஆட்டம் யாருடையது என்பதில் ஐயம் எழுந்தால் அது உடனே பணத்தகராறாக மாறிவிடுகிறது. நாம் அறிந்த இளைஞர் இருவர், ஒரே அறையில் தங்கிச் சமைத்து உண்பவர்கள், இக்காரணத்தால் ஒரு வாரம் பேசாதிருந்தனர். ஒருவர் பட்டறையில் தொழில் பழகுநர். மற்றவர் வங்கி ஊழியர். முதல் அடியிலேயே கறுப்புப் பந்து குழியில் விழுந்தது. அடித்தவர், "வெற்றி எனதே, காசை நீங்கள் கட்டுங்கள் அண்ணே!" என்றார். மூத்தவரோ, "கறுப்பை முன்னதாகப் போட்டவன் தோற்றவன்தானே தம்பி?" என்றார். இரண்டு மணி நேரத்துக் கட்டணம் நிலுவையில் நின்றது. இருவரும் நம்மிடம் வழக்குக் கொண்டுவந்தபோது, இருவர் கூறியதும் பொதுவிதியன்று என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். நம் துறையில் நாடு முழுமைக்கும் 'பொது விதிகள்' உண்டு. அவற்றிற்கு முரண்படாமல் ஒவ்வொரு மண்டலமும் வகுத்துக்கொள்ளும் 'துணை விதிகள்' உண்டு. அதற்கும் கீழே அந்தந்த நிலையத்திற்கென்று நிலையச் செயல்முறை விதிகள் உண்டு. பூல் ஆட்டத்திலும் பன்னாட்டுப் பொதுவிதி உண்டு. கூடத்துக்குக் கூடம் வேறுபடும் உள்ளூர் வழக்கும் உண்டு. வேற்றுமை யாதெனில், இங்கே உள்ளூர் வழக்கு பொதுவிதிக்கு முற்றும் முரணாகவும் அமைந்துவிடுகிறது. அதைத் தடுக்க ஓர் ஆணையர் இல்லை.

மிகுதியாக ஆடப்படுவது எட்டுப் பந்தாட்டம். வெள்ளைப் பந்து ஒன்று. எண்ணிட்ட பந்துகள் 15. 1 முதல் 7 வரை முழு வண்ணம், 9 முதல் 15 வரை பட்டை வண்ணம், 8 கறுப்பு. முக்கோணச் சட்டத்தின் நடுவே எட்டை வைத்து, அடிமூலைகள் இரண்டில் ஒன்றில் முழு வண்ணமும் மற்றதில் பட்டையும் வரும்படி அடுக்குவர். தன் கூட்டத்துப் பந்துகள் ஏழையும் குழியில் வீழ்த்திய பின்னர் எட்டை வீழ்த்துபவர் வென்றவர். இவ்வளவில் சச்சரவு இல்லை, சச்சரவெல்லாம் விவரங்களில்தான்.

முதல் அடியில் எட்டு விழுந்தால் என்ன? பன்னாட்டு விதிப்படி அது வெற்றியுமன்று, தோல்வியுமன்று. அடித்தவர் எட்டை எடுத்து அதற்குரிய புள்ளியில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம்; அல்லது எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மீண்டும் உடைக்கலாம். அதுவே வெற்றி என்பது மதுக்கூடங்களிலிருந்து பரவிய வழக்கு. நம் நண்பர்களின் வழக்கு இதனால் தீர்ந்ததா என்றால், பாதி தீர்ந்தது எனலாம். கட்டணத்தை ஆளுக்குப் பாதியாகக் கட்டியதாகப் பின்னர் அறிந்தோம்.

அடுத்து, யார்க்கு எந்தக் கூட்டம்? முதல் அடியில் விழுந்த பந்தைக் கொண்டே கூட்டத்தை முடிவு செய்வது பல கூடங்களின் வழக்கம். பொதுவிதி அப்படிச் சொல்லவில்லை. உடைத்த பின்னும் மேசை திறந்ததாகவே கருதப்படும். அதன்பின் இன்ன பந்து, இன்ன குழி என்று குறித்து முறையாக வீழ்த்தும் பந்தே கூட்டத்தை நிர்ணயிக்கும். வெளிப்படையாகத் தெரியும் அடிக்குக் குழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டுவதில்லை. விளிம்பில் மோதித் திரும்புவதற்கும், வேறு பந்தில் பட்டுச் செல்வதற்கும் சொல்லியே ஆகவேண்டும்.

இனித் தவறு பற்றி. தன் கூட்டத்துப் பந்தை முதலில் தொடாமல் பிறரதைத் தொடுவது தவறு. வெள்ளை குழியில் விழுவது தவறு. இவை யாவரும் அறிந்தவை. பலரும் அறியாத ஒன்றுண்டு. வெள்ளை உரிய பந்தைத் தொட்டபின் ஏதேனும் ஒரு பந்து குழியில் விழ வேண்டும், அல்லது ஏதேனும் ஒரு பந்து மேசை விளிம்பைச் சென்று தொட வேண்டும். இரண்டும் நிகழாவிடில் அதுவும் தவறே. இவ்விதி ஏன்? இல்லையேல் இருவரும் பந்தை மெல்லத் தொட்டுத்தொட்டு ஒளித்துவைத்துக்கொண்டே பொழுதைப் போக்கலாம், ஆட்டம் நகராது.

தவற்றுக்குரிய தண்டனையில்தான் வழக்குகள் மிகவும் பிரிகின்றன. பன்னாட்டு விதி, எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம் என்கிறது. சில கூடங்களில் உடைக்கும் கோட்டிற்குப் பின்னால் மட்டுமே வைக்கலாம். வேறு சில இடங்களில் எதிராளிக்கு இரண்டு முறை. இந்த இரண்டு முறை என்பது சிவப்பும் மஞ்சளுமாகச் சிறு பந்துகளைக் கொண்டு, சிறிய மேசையில் இங்கிலாந்தில் ஆடும் எட்டுப் பந்தாட்டத்தின் சாயல். ஆகவே மேசையில் கைவைக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: வெள்ளை விழுந்தால் எங்கே வைப்பது? இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்களே பின்னர்க் கூச்சலிடுகின்றனர்.

எட்டில் தோற்கும் வழிகளும் உள. தன் கூட்டம் முடியுமுன் எட்டை வீழ்த்தினால் தோல்வி. குறித்த குழியன்றி வேறு குழியில் வீழ்த்தினாலும், மேசைக்கு வெளியே தள்ளினாலும், எட்டு விழுந்த அதே அடியில் வெள்ளையும் விழுந்தாலும் தோல்வி. ஆனால் எட்டைக் குறிவைத்து அடித்து, எட்டு விழாமல் வெள்ளை மட்டும் விழுந்தால் அது தோல்வியன்று, வெறும் தவறே. இதனையும் தோல்வியெனக் கொள்ளும் கூடங்கள் பல.

ஒன்பது பந்தாட்டம் இதனினும் விரைவானது. 1 முதல் 9 வரை ஒன்பது பந்துகளை வைர வடிவில் அடுக்கி, முனையில் ஒன்றையும் நடுவில் ஒன்பதையும் வைப்பர். மேசையிலுள்ள மிகச் சிறிய எண்ணையே வெள்ளை முதலில் தொடவேண்டும். முறைப்படி தொட்டபின் எந்தப் பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் செல்லும். ஒன்பது எப்போது விழுந்தாலும் வெற்றி. எட்டுப் பந்துகளை ஒருவர் உழைத்து வீழ்த்த, ஒன்பதை மட்டும் மற்றவர் வீழ்த்தி ஆட்டத்தைக் கொண்டுபோகலாம். இது நியாயமா என்று கேட்பவர் உண்டு. நமக்கும் அக்கேள்வி உண்டு. தொடர்ந்து மூன்று தவறு செய்பவர், இரண்டாவதன் பின் எச்சரிக்கப்பட்டிருப்பின், ஆட்டத்தை இழப்பார். குருட்டு யோகத்தை விரும்பாதவர்க்குப் பத்துப் பந்தாட்டம் உண்டு. அதில் பந்தையும் குழியையும் குறித்தே அடிக்க வேண்டும்.

பதினைந்தையும் எண் வரிசையில் தொட்டு, வீழ்த்திய பந்தின் எண்ணையே புள்ளியாகக் கொள்ளும் ஆட்டமும் உளது. ஒன்று முதல் பதினைந்து வரை கூட்டினால் 120. பாதிக்கு மேல் 61 எடுத்தவர் வென்றார். கணக்குப் பழகும் சிறுவர்க்கு ஏற்றது. பந்துக்கு ஒரு புள்ளி வீதம் இடையறாது ஆடும் ஆட்டத்தில் வில்லி மோஸ்கோனி என்ற அமெரிக்கர் 1954-இல் 526 பந்துகளைத் தொடர்ச்சியாக வீழ்த்தினார். அச்சாதனை 65 ஆண்டுகள் நின்று, 2019-இல்தான் முறியடிக்கப்பட்டது.

இனி நம் நாட்டிற்கு நேருரிமையுள்ள ஆட்டத்திற்கு வருவோம். ஸ்நூக்கர் பிறந்தது இங்கிலாந்தில் அன்று, ஜபல்பூரில். 1875-இல் அங்கே முகாமிட்டிருந்த படை அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் 15 சிவப்புப் பந்துகளைக் கொண்ட 'பிரமிட்' என்ற ஆட்டத்தையும், வண்ணப் பந்துகளைக் கொண்ட வேறோர் ஆட்டத்தையும் பந்தயம் வைத்து ஆடி வந்தனர். நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி இவ்விரண்டையும் இணைத்தார். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லேன் வேறொருவர்.) பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாகக் குறிக்கும் சொல் 'ஸ்நூக்கர்'. எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அவ்வாறு அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. இவ்வரலாற்றை 1938-இல் அவரே எழுதி வெளியிட்டார். விதிகள் 1882-இல் உதகமண்டலத்து மன்றத்தில் ஒழுங்குபெற்றுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. ஜபல்பூர்வாழ் தமிழருக்கும் நீலகிரியினருக்கும் இதில் இரட்டைப் பெருமை கொள்ள இடமுண்டு.

சிவப்புக்கு ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, பின் ஒரு வண்ணம் என்று மாறிமாறி வீழ்த்த வேண்டும். சிவப்புகள் இருக்குமட்டும் விழுந்த வண்ணத்தை எடுத்து மீண்டும் அதன் புள்ளியில் வைப்பர். நம் வீடுகளில் கேரம் ஆடும் பிள்ளைகள் "ரெட்டுக்கு பாலோ" என்பார்களே, அம்முறையை இது நினைவூட்டும். அங்கே சிவப்பைத் தொடர்ந்து தன் காயைப் போட்டு அதனை உறுதிசெய்ய வேண்டும், இங்கே சிவப்பைப் போட்டால்தான் வண்ணத்துக்கு உரிமை கிடைக்கும். பதினைந்து முறையும் சிவப்பும் கறுப்புமாக வீழ்த்தினால் 120, இறுதியில் ஆறு வண்ணங்களும் 27, ஆக 147. மேசை நிறைவு என்று ஆட்டக்காரர் கொண்டாடும் எண் இதுவே.

பூல் பழகியவர் ஸ்நூக்கருக்குப் போனால் இடறுமிடம் ஒன்றுண்டு. இங்கே தவறு செய்தால் எதிராளிக்குக் குறைந்தது 4, கூடினால் 7 புள்ளிகள் போகும்; ஆனால் அவர் வெள்ளையைக் கையிலெடுக்க இயலாது. அது நின்ற இடத்தில் நிற்கும். விரும்பினால், "நீரே மீண்டும் அடியும்" என்று தவறியவரையே ஏவலாம். வெள்ளை குழியில் விழுந்தால் மட்டும் அரைவட்டத்தினுள் வைத்து அடிப்பர். மேசையும் வேறு: ஸ்நூக்கருக்குப் பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், பூலுக்கு ஒன்பதடியோ அதனினும் குறைவோ. பூல் பந்து இரண்டேகால் அங்குலம். ஸ்நூக்கர் பந்து அதனினும் சிறிது, குழிவாயும் குறுகியது. ஆகவே ஸ்நூக்கரில் பழகியவர் பூலுக்கு வந்தால் வெல்கிறார். எதிர்த்திசையில் அவ்வாறு நிகழ்வது அரிது.

அதே பெரிய மேசையில் மூன்றே பந்துகளுடன் ஆடுவது பில்லியர்ட்ஸ். தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2. சிவப்பை வீழ்த்தினாலும், சிவப்பில் பட்டுத் தன் பந்து விழுந்தாலும் 3. எதிராளி பந்தாயின் இரண்டுக்கும் 2. பூலில் தண்டனையாகும் செயல் இங்கே புள்ளியாகிறது! இவ்வாட்டத்தில்தான் வில்சன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பட்டம் வென்று, தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1964-இல் மீண்டும் வென்றார். பின்னர் மைக்கேல் பெரேரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசை தொடர்ந்தது. சூதாடுமிடம் என்று ஒதுக்கிய மேசையிலிருந்து வந்த பெயர்கள் இவை.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. அடிக்கும்போது ஒரு காலேனும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்பது எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவிதி. எட்டாத பந்துக்குக் குழந்தை மேசைமேல் ஏறினால் அது தவறு. துணியும் கிழியும், கூடத்தார் இழப்பீடு கேட்பர். எட்டாதபோது கோலைத் தாங்குவதற்கென்றே முனையில் கவையுள்ள நீண்ட கழி ஒன்று மேசையின் பக்கவாட்டில் தொங்கும். கேட்டால் எடுத்துத் தருவர்.