மடிக்கணினிக்கு வந்த ஜுரம்

தில்லி வெயில் நமக்குப் பழகிவிட்டது. எங்கள் வீட்டு மடிக்கணினிக்குப் பழகவில்லை. சென்ற மே மாதம், மகள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தபோது அது கொதித்துத் தானாக அணைந்தது. சமர்ப்பிக்கப் பத்தே நாள். கடைக்காரரோ, "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்.

மனம் ஒப்பவில்லை. அது ஆறிய நேரத்தில் ஆய்வேட்டைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன்.

பிராசஸரின் சூட்டைச் செப்புக் குழாய் வாங்கி விசிறியிடம் சேர்க்கிறது. பிராசஸருக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டு. அங்கே காற்று நின்றால் சூடு கடக்காது. அந்த இடுக்கை நிரப்புவதே தெர்மல் பேஸ்டின் வேலை. எங்களுடையது காய்ந்து பொருக்காகியிருந்தது.

புதிய பேஸ்டைத் தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் தாராளமாக விட்டேன். தவறு! உலோகம் கடத்தும் அளவுக்குப் பேஸ்ட் சூட்டைக் கடத்தாது. நெற்றித் திருநீறு போல மெல்லிசாக இருந்தால் போதும். ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரிசிமணியளவு வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். பிறகுதான் விசிறிப் பக்கம் பார்த்தேன்: காற்று வெளியேறும் இடுக்கெல்லாம் கம்பளிபோல் தூசி! பாதிக் குற்றம் அதனுடையது.

98 டிகிரி 76 ஆனது. மகள் குறித்த நாளில் சமர்ப்பித்தாள்.

அன்பர்களே, உத்தரவாதக் காலம் இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். மெத்தைமேல் வைத்து அதன் மூச்சையும் அடைக்காதீர்கள்.