விரற்கொல்லரிடை வளர்ந்தவள்

வெள்ளவத்தையில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நிகழும் எமது வாசகர் கூட்டத்தில், சென்ற மாதம் ஓர் ஆங்கில நாவல் ஆராய்ச்சிக்கு வந்தது. "கள்ளி ஒருத்தியைத் தலைவியாக்கிய நூலை மாணவர்க்கு எங்ஙனம் எடுத்துரைப்பது?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் தடை எழுப்பினார். காப்பியத் தலைவன் ஒப்பற்றவனாதல் வேண்டும் என்பது தண்டியார் விதியன்றோ? நூலைப் படிக்குமுன் யானும் அவர் கட்சியினனே.

சேரா வோட்டர்ஸ் அம்மையார் 2002இல் வெளியிட்ட 'பிங்கர்சிமித்' என்பதே அந்நூல். அப்பெயர் முடிச்சுமாறியைக் குறிக்கும் ஆங்கிலக் குழூஉக்குறி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'விரற்கொல்லன்' என்றாகும். கோவலனைக் கொலைக்களத்துக்கு உய்த்த பொற்கொல்லனை அறிந்த நமக்கு, கொல்லனும் கள்வனும் ஒரு சொல்லில் உறைவது வியப்பன்று. நேர்மையான கொல்லர் பொறுத்தருள்க!

கதை நிகழ்வது 1862ஐ அடுத்த காலம். விக்டோரியா மகாராணியார் நம் தீவையும் ஆண்ட நாள்கள். இலண்டன் லாண்ட் வீதியில், களவுப்பொருள் வாங்கும் ஒரு மனையில், சக்ஸ்பி அம்மையாரால் வளர்க்கப்படுகிறாள் சூசன் என்னும் அநாதை. டிக்கன்ஸ் சிறுவனாயிருந்தபோது, தந்தை கடனாளிச் சிறையிலிருந்த 1824இல், தங்கியிருந்ததும் அவ்வீதியிலேதான். சிறுமி சூசன் 'ஒலிவர் ருவிஸ்ற்' நாடகம் கண்டு நடுங்குவதாகவே நூல் தொடங்குகிறது. ஆசிரியை யாருக்குக் கடன்பட்டவர் என்பதை மறைக்கவில்லை.

ஆண் கள்வனுக்கு இலக்கியத்தில் என்றும் இடமுண்டு. 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியேலை நம் நாட்டார் கதைகள் வீரனாக்கின. கல்கியின் 'கள்வனின் காதலி'யில் முத்தையன் நம் இரக்கத்தைக் கவர்கிறான். பெண்ணோ? குண்டலகேசியின் பத்திரையைப்போல் கள்வனைக் காதலித்தவளாகவே வருவாள். தானே களவறிந்தவளாகக் கதை சொல்லும் பேறு அவளுக்கு அரிது. சூசன் தன் வாயாலேயே தன் கதையைக் கூறுகிறாள். செல்வச் சீமாட்டி மோட் என்பாளை வஞ்சிக்கத் தோழிவேடம் பூண்டு சென்றவள், அவள்பாற் காதல் கொள்கிறாள். இக்காதலைக் கண்டு முகஞ்சுளிப்போர் உளர். அதன் உண்மையை ஐயுற எனக்கு இயலவில்லை.

கதைத் திருப்பங்களைக் கூறிப் படிப்பார் இன்பத்தைக் கெடுக்க விரும்பேன். ஒன்றைமட்டும் கூறாதிருக்க முடியவில்லை. வஞ்சிக்கச் சென்றவளே வஞ்சிக்கப்பட்டு, மோட்டின் இடத்திற் பித்தர் மனையில் அடைக்கப்படுகிறாள். 'யான் அவளல்லேன்' என்று கதறுகிறாள். எழுதிக் காட்டுக என்கின்றனர் மருத்துவர். எழுத்தறியாதவள் எங்ஙனம் எழுதுவாள்? நூல்களிடை வளர்ந்த சீமாட்டி எழுத்தை மறந்தது நோயின் குறியே என்று அவர்கள் முடிவுகட்டுகின்றனர். பின்னர் அவள் பிறப்பு மறையைத் தாங்கிய கடிதம் கைக்குக் கிட்டியபோதும், பிறரைக் கொண்டே படிப்பித்து அறிகிறாள்.

கொட்டாஞ்சேனையில் யான் கற்பித்த தொடக்க ஆண்டுகளில், மகளைச் சேர்க்க வந்த தாய் ஒருத்தி விண்ணப்பத்திற் பெருவிரல் ஒற்றிவிட்டு, மை படிந்த விரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். இப்பகுதியைப் படிக்கையில் அவ்விரலே என் கண்முன் நின்றது.

மூத்த ஆசிரியருக்கு மணிமேகலையை நினைவூட்டினேன். தாய் துறந்த குழவியாய், ஆவின் பாலுண்டு பிழைத்த ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டிய பசுவை இரவிற் கவர்ந்து செல்கிறான். பிடிபட்டுக் கள்வனென்று அடியுண்கிறான். மணிபல்லவத்துக் கோமுகியில் மணிமேகலை பெற்ற அமுதசுரபி அவன் கைப்பாத்திரமே. அநாதையும் களவும் நம் காப்பியத்துக்குப் புறம்பல்ல என்றேன். "அவன் பசுவைக் காக்கக் கவர்ந்தான், இவள் பொருளுக்காகச் சென்றாள்" என்றார் அவர். வேறுபாடு உண்மையே, மறுக்கவில்லை. ஆயின் இறுதிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். விளக்கைத் தரையில் வைத்துத் தாளை விரித்து, தான் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகச் சூசனுக்குக் காட்டுகிறாள் மோட். கூட்டம் சிறிதுநேரம் பேசவில்லை.

மூத்தவர் நூலை இரவல் வாங்கிச் சென்றார். மூன்று வாரமாகியும் அது எம்மிடம் திரும்பவில்லை.