நிலம் இறங்கினால் சீமெந்து தாங்காது

2009 இல் போர் முடிந்தபின் சொந்தக் காணிக்குத் திரும்பி வீடு கட்டிய குடும்பங்கள் பல. ஒரு மாரி கழிந்ததும் வீட்டைச் சுற்றிப் போட்ட கொங்கிறீற் தளம் வெடித்து இறங்கியிருந்தால், மேசன் சீமெந்தைக் குறைத்துவிட்டார் என்றே முதலில் நினைக்கிறோம். பெரும்பாலும் குறை தளத்தில் அல்ல, அதன் கீழுள்ள மண்ணில்தான்.

ஏன் இறங்குகிறது?

அத்திவாரக் கிடங்கை நிரப்பிய மண் இறுகுமுன் தளம் போட்டால், மழையில் அந்த மண் அமர்ந்து, கீழே வெற்றிடம் உண்டாகும். பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் நீரும் ஓரத்து மண்ணை அரித்துச் செல்லும். முருங்கன் பகுதியில் உள்ளது போன்ற களிமண் மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். உக்கிய மரவேர், கறையான் புற்று, மூடிய மலசலகூடக் குழி, பழைய பங்கர் ஆகியவற்றின் மேல் போட்ட தளமும் நிலைக்காது.

என்ன ஆபத்து?

தளம் வீட்டுப் பக்கம் சரிந்தால் மழைநீர் அத்திவாரத்துக்குள் இறங்கிச் சுவர் வெடிக்கும். கிணற்றடித் தளம் வெடித்தால் அழுக்குநீர் கிணற்றுக்குள் ஊறி, வயிற்றோட்டம் போன்ற நோய்கள் வரலாம். மலசலகூடக் குழியின் மூடி இறங்கினால் ஒருவரும் அதன்மேல் ஏறக்கூடாது. பிள்ளைகள் கிட்டப் போகாதபடி உடனே வேலி அடையுங்கள்.

என்ன செய்யலாம்?

முற்றத்துத் தளத்தை ஒரு தடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஓசை கேட்டால் கீழே வெற்றிடம் உண்டு. மேலே சீமெந்து பூசுவது வீண்செலவு. அந்தப் பகுதியை உடைத்து அகற்றி, கிறவல் மண்ணை 6 அங்குலப் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் சற்று நனைத்து நன்றாக இடித்து இறுக்குங்கள். புதிய தளம் 4 அடிக்கு 1 அங்குலம் வெளிப்புறம் சரிவாக இருக்கட்டும். 7 நாட்கள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். கூரைநீரைப் பீலி வைத்தோ, வாய்க்கால் வெட்டியோ தூரத்துக்கு விடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். முன்பு பங்கர் இருந்த இடத்தை நீங்களாகத் தோண்ட வேண்டாம். வேறிடத்தில் தோண்டும்போதும் அறியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். தளத்தைப் பிறகும் திருத்தலாம்; போன உயிர் திரும்பாது.