பி.ஃபார்ம் சீட்: எங்கே நெருக்கடி, எங்கே காலி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் கே.கே. நகர் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "பி.ஃபார்ம் சீட் கிடைக்கிறது அவ்வளவு கஷ்டமா?" ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அடிப்படை. பி.ஃபார்ம் நான்கு வருடப் படிப்பு. நீட் தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக்குழு, துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்துக் கலந்தாய்வு நடத்துகிறது.

முதல் வாசல், அரசுக் கல்லூரி. நம்ம மதுரை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பி.ஃபார்ம் இருக்கிறது. கட்டணம் குறைவு, பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் இப்படிப்பட்ட அரசுக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இங்கே அரை மார்க்கிலும் இடம் கை நழுவும். கஷ்டம் என்று சொல்பவர்கள் பார்ப்பது இந்த வாசலைத்தான்.

இங்கேயும் "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதற்கு ஒரே எண் கிடையாது. 100 இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 31 பொதுப் போட்டி, 30 பிற்படுத்தப்பட்டோர் (இதில் 3.5 சதவீதம் முஸ்லிம்களுக்கு), 20 மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், 18 பட்டியல் சாதியினர் (இதில் 3 அருந்ததியருக்கு), 1 பழங்குடியினர். ஒவ்வொன்றுக்கும் கடைசி மதிப்பெண் வேறு.

இன்னொன்று. ஒரே பையன் எம்.பி.பி.எஸ்., இன்ஜினியரிங், வேளாண்மை, பி.ஃபார்ம் என்று நாலு வரிசையில் நிற்பான். விரும்பியது கிடைத்ததும் மற்ற மூன்றை விட்டுவிடுவான். ஆகவே விண்ணப்ப எண்ணிக்கையை சீட்டால் வகுத்துப் பார்த்து மிரள வேண்டாம். முதல் சுற்றில் விட்டது அடுத்த சுற்றில் வரலாம்.

இரண்டாவது வாசல், தனியார் கல்லூரி. இங்கே கதை தலைகீழ். கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று இந்திய மருந்தியல் கவுன்சிலே 2019 ஜூலையில் ஒரு முடிவெடுத்தது: 2020-21 முதல் ஐந்து வருடத்துக்கு, சில விலக்குகள் தவிர, புதுக் கல்லூரிக்கு அனுமதி இல்லை. கல்லூரிகள் கோர்ட்டுக்குப் போயின. கல்வி நிறுவனம் தொடங்குவது அடிப்படை உரிமை, அதை வெறும் நிர்வாகத் தீர்மானத்தால் தடுக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை போனது.

இது நம்மூர் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் பார்மசி படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்து, பீகேட் என்ற நுழைவுத் தேர்வையே 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆக, "ரெண்டே சீட்தான் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் நிதானமாக யோசியுங்கள். அரசுக் கல்லூரியின் நெருக்கடியைக் காட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவை விற்கும் வேலை அது. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

• கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் இந்திய மருந்தியல் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருடமும் இருக்கிறதா? இல்லையென்றால் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்வது சிக்கலாகும். பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கக் கூடாது என்கிறது 1948-ஆம் வருட மருந்தியல் சட்டத்தின் 42-வது பிரிவு. பதிவு இல்லாத பட்டம் அந்த வேலைக்கு உதவாது.

• லேப் நிஜமாகவே இயங்குகிறதா? படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள்.

• கலந்தாய்வு முடிந்துவிட்டதா? முடியும் வரை அவசரம் வேண்டாம்.

மார்க் குறைந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு வருட டி.ஃபார்ம் முடித்தால் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அரசுக் கல்லூரியில் மாணவர்கள் சீட்டுக்குப் போட்டி போடுகிறார்கள். தனியாரில் பல இடங்களில் கல்லூரிகள்தான் மாணவனுக்குப் போட்டி போடுகின்றன. அங்கே பேரம் பேசும் பலம் நம் பக்கம். அது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.